இல்லத்தில் விட்ட பிள்ளையின் மனம்

இடம்பெயர்ந்த குடும்பங்களுடன் நாம் பேசும்போது காணி போனது, கிணறு தூர்ந்தது, மாடுகள் தொலைந்தது எல்லாம் முதல் நாளிலேயே சொல்லப்படும். பிள்ளைகளில் ஒன்றைச் சிறுவர் இல்லத்தில் விட்டிருக்கிறோம் என்பது மட்டும் மூன்றாம் நான்காம் சந்திப்பிலேதான் வரும். அதுவும் குரல் தாழ்ந்தே வரும். 1995 ஐப்பசியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனவர்கள், 2006 இல் மூதூரிலிருந்து வெளியேறியவர்கள், 2009 இல் வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் என எல்லோரிடத்திலும் இப்படியான குடும்பங்கள் இருந்தன. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமலோ, திரும்பிய காணியில் பயிர் வைக்க முதல் இல்லாமலோ தடுமாறும் குடும்பங்களில் இது தொடர்கிறது.

அந்தப் பெற்றோரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு கூலி வேலைக்குப் போகும் தாய், பாடசாலை எட்டுக் கட்டைக்கு அப்பால் இருக்கையில் என்ன செய்வாள்? போர்க் காலத்தில் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றவென்றே இல்லத்தில் சேர்த்தவர்களும் உண்டு. தாய் மத்திய கிழக்குக்குப் போனதால் அம்மம்மாவிடம் விடப்பட்டு, அம்மம்மாவும் தளர்ந்து போக இல்லத்துக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. சேவ் த சில்ரன் நிறுவனம் இலங்கைச் சிறுவர் இல்லங்கள் பற்றி 2005 இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருப்பதை எடுத்துக் காட்டியது. வறுமையே அவர்கள் அங்கு வந்ததற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. எனவே 'அநாதை இல்லம்' என்று ஊரில் வழங்கும் பெயர் பெரும்பாலும் பொருந்தாத பெயர். அந்தப் பெயரைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி. அம்மா இருக்கும் பிள்ளை 'அநாதைப் பிள்ளை' என்று வகுப்பில் அழைக்கப்படும்போது அதன் மனத்தில் எழும் கேள்வி, அம்மா என்னைக் கைவிட்டு விட்டாவோ என்பதுதான்.

இல்லத்தில் சோறு உண்டு, படுக்கை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. பிள்ளையின் உடம்பும் தேறுகிறது. இவற்றோடு மனமும் தானாகத் தேறிவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

அழுகை நின்றால் ஆறிவிட்டதா?

தாயைப் பிரிந்த சிறு பிள்ளை என்ன செய்கிறது என்பதை மிகக் கவனமாகப் பார்த்து எழுதியவர்களுள் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டனில் அன்னா புரொய்ட், டொரதி பேர்லிங்கம் என்னும் இரு பெண்மணிகள் குண்டுவீச்சால் வீடிழந்த பிள்ளைகளுக்காக நடத்திய இல்லத்தில், இவர் கொதிகலனுக்கு நெருப்புப் போடும் வேலைக்கே முதலிற் சேர்ந்தார். அங்கே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சமையல் செய்பவர் முதல் கூட்டுபவர் வரை யாராயினும், பிள்ளைகளிடம் கண்டதை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். எமது இல்லங்களிலும் பிள்ளையைப் பற்றி அதிகம் அறிந்திருப்பவர் பெரும்பாலும் குசினியில் நிற்கும் ஆச்சிதான். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பின்னர் மருத்துவர் ஜோன் போல்பியுடன் சேர்ந்து ரொபேட்சன் கண்டு சொன்னது இது. பிரிந்த பிள்ளை முதலில் எதிர்க்கும்: அழும், கதவைப் பார்த்து நிற்கும், தூக்கினால் உதறும். பிறகு சோரும்: அழுகை குறையும், சாப்பாட்டில் விருப்பம் போகும், ஒரு மூலையில் ஒதுங்கும். மூன்றாவதாக ஒரு நிலை வரும். பிள்ளை சிரிக்கும், விளையாடும், யார் கையிலும் போகும். தாய் வரும்போதோ முகத்தைத் திருப்பிக் கொள்ளும். இந்த மூன்றாம் நிலையைத்தான் 'பிள்ளை பழகிவிட்டான், இனிப் பயமில்லை' என்று எல்லோரும் சொல்கிறோம். பிள்ளை பழகியிருக்கவும் கூடும். ஆனால் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது என்பதும் அதன் பொருளாக இருக்கலாம். அழும் பிள்ளைக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. யாராவது வருவார்கள் என்றுதான் அது அழுகிறது.

இதனால் ஒரு முக்கியமான விடயம் தெளிவாகிறது. சில இல்லங்களில், பெற்றோர் வந்து போனபின் பிள்ளை இரண்டு நாள் அழுகிறது, படிப்புக் கெடுகிறது, ஆகவே அடிக்கடி வர வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் கெட்டவர்களல்லர், நாற்பது பிள்ளைகளை மூன்று பேர் பார்க்கும் இடத்தில் அழுகை பெரிய சுமை. ஆயினும் அந்த ஆலோசனை தவறானது என்பதே எமது உறுதியான கருத்து. இங்கிலாந்து மருத்துவமனைகளிலும் ஒரு காலத்தில் இதே காரணத்தைச் சொல்லியே பெற்றோரை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் விட்டார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. ரொபேட்சன் 1952 இல் மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் படம் பிடித்துக் காட்டினார். முதலில் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் கோபம் வந்தது. ஆனால் 1959 இல் அந்நாட்டு அரசு அமைத்த குழுவே, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

பார்க்கப் போனால் பிள்ளை அழும் என்பது உண்மை. பார்க்கப் போகாவிட்டால் அது அழாமலே துன்பப்படும். ஆகவே போங்கள். மாதத்தில் ஒருநாளென்றாலும் அந்த நாள் தவறாதிருக்கட்டும். எப்போதாவது கை நிறையப் பொருளோடு வருவதைவிட, சொன்ன நாளில் வெறுங்கையோடு வருவது பிள்ளைக்கு அதிக பலம் தரும். பஸ் காசு இல்லாத மாதத்தில் தொலைபேசியில் பேசி, 'இந்த ஞாயிறு வரமாட்டேன், அடுத்த ஞாயிறு வருவேன்' என்று சொல்லுங்கள். வாசலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே போகும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

குண்டுக்குப் பயமா, பிரிவுக்குப் பயமா?

1939 புரட்டாதியில் போர் மூண்டபோது இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சில நாட்களுக்குள் கிராமப் புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர்களிற் பெரும்பாலோர் பாடசாலைப் பிள்ளைகள். பலர் தாயைப் பிரிந்தே போனார்கள். அவர்களைக் குண்டிலிருந்து காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. அன்னா புரொய்டும் பேர்லிங்கமும் கண்டு எழுதியது பலருக்கும் வியப்பைத் தந்தது. தாயின் அணைப்பில் இருந்த சிறு பிள்ளைகள் குண்டுவீச்சைக் கூடப் பெரிய கேடில்லாமல் தாங்கினார்கள். பாதுகாப்பான இடத்தில் தாயில்லாமல் இருந்தவர்களே அதிகம் குழம்பினார்கள். பங்கருக்குள் அம்மாவின் மடியில் ஒடுங்கியிருந்த இரவுகளை நினைவில் வைத்திருக்கும் எமது மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவ்விருவரும் அத்தோடு நிற்கவில்லை. இல்லத்தில் எல்லாப் பணியாளரும் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கும் முறையை மாற்றி, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் எனச் சிறு 'குடும்பங்களாக'ப் பிரித்தார்கள். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஆறுதல் சொல்வது எல்லாம் அந்த ஒருவரே. தொடக்கத்தில் பொறாமையும் சண்டையும் பெருகின. ஆனால் அதன்பின் பிள்ளைகளின் பேச்சும் பழக்கவழக்கமும் விரைவாக முன்னேறின. இதற்குக் கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவைப்படவில்லை. வேலைப் பகிர்வை மாற்றியதே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது. 1945 இல் நாசிகளின் முகாமொன்றிலிருந்து மீட்கப்பட்ட, மூன்று வயதையொட்டிய ஆறு குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெற்றோரை அவர்கள் அறியார். பெரியவர்களை அடித்தார்கள், கடித்தார்கள். ஆனால் தமக்குள் ஒருவரையொருவர் பிரிய மறுத்தார்கள். சாப்பாட்டில் மற்றவருக்குக் கிடைத்ததா என்று பார்த்த பின்னரே தாம் உண்டார்கள். பெரியவர்கள் இல்லாத இடத்திற் பிள்ளைக்குப் பிள்ளையே துணை. எனவே சகோதரர்களைப் பிரித்து ஒருவரை ஓர் இல்லத்திலும் மற்றவரை இன்னோர் இல்லத்திலும் விடுவதைக் கூடியவரை தவிருங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வெவ்வேறு இல்லங்கள் என்ற முறையால் அண்ணனும் தங்கையும் பிரிக்கப்படுவது எமது நாட்டில் சாதாரணம். அப்படியானால் வாரத்தில் ஒருநாள் அவர்கள் சந்திக்க ஒழுங்கு செய்யும்படி கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உருமேனியாவில் 1989 இல் ஆட்சி கவிழ்ந்தபோது அரச இல்லங்களில் ஓரிலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இருந்தது உலகுக்குத் தெரியவந்தது. அந்நாட்டின் தலைநகரில் 136 குழந்தைகளை வைத்து 2000 ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டனர். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள், பிந்திப் போனவர்களைவிடப் பல வகையிலும் நன்கு தேறினர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை, எவ்வளவு கஷ்டமானாலும், சித்தியிடமோ பெரியம்மாவிடமோ அயலவரிடமோ விடுவது இல்லத்தில் விடுவதைவிட மேலானது என்று நாம் தயங்காமற் சொல்வோம்.

தாங்கும் பலம் எங்கிருந்து வருகிறது?

கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் கெட்டுப் போவதில்லை. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955 இற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் நாற்பது ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து பார்த்தார். பலர் கரும்பு, அன்னாசித் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். அவர்களில் ஏறக்குறைய 200 பேர் வறுமை, குடி, நோய், குடும்பப் பிளவு எனப் பல சுமைகளோடு வளர்ந்தார்கள். அந்த 200 பேரில் மூன்றிலொரு பங்கினர் நல்ல மனிதர்களாக, உழைப்பவர்களாக, அன்பு செலுத்தத் தெரிந்தவர்களாக வந்தார்கள். அவர்கள் வாழ்வில் அவர் கண்ட பொதுவான அம்சம், தன்னை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. அவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக, அக்காவாக, ஆசிரியராக இருந்தார். இன்னொன்று, வீட்டில் அவர்களை நம்பி ஒரு பொறுப்புக் கொடுக்கப்பட்டிருந்தது.

இதை நாம் தோட்டத்தில் காண்கிறோம். மிளகாய் நாற்றைப் பிடுங்குமுன் மேடைக்குத் தண்ணீர் விடுகிறோம். வேரோடு கொஞ்சம் தாய்மண் வரவேண்டும் என்பதற்காக. பின்னேரம் நடுகிறோம், சில நாளைக்கு ஓலைத் துண்டு குத்தி நிழல் கொடுக்கிறோம். பிடுங்கிய கன்று வாடாது என்று எந்தக் கமக்காரனும் எதிர்பார்ப்பதில்லை. வாடி நிமிர்வதற்கு வேண்டியதைச் செய்கிறான்.

பிள்ளைக்குத் தாய்மண் என்பது அதன் வரலாறுதான். நான் யாருடைய பிள்ளை, எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறேன், எப்போது போவேன் என்பவற்றுக்கு விடை தெரிந்த பிள்ளை தாங்கும். எனவே பொய் சொல்லி விட்டுவராதீர்கள். 'கடைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லிப் போன அம்மா வராதபோது, அதற்குப் பின் அம்மா சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. போகுமுன் ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுங்கள். படுக்கும் இடம், கிணற்றடி, மலசலகூடம், யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அது பார்க்கட்டும். காரணத்தைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்: 'அம்மாவுக்கு வேலை தூரம், உன்னைத் தனியே விடப் பயம். நீ செய்த பிழை ஒன்றுமில்லை.' கடைசி வசனத்தை ஒருமுறை சொன்னாற் போதாது. தம்பி வீட்டில் இருக்க நான் மட்டும் ஏன் இங்கே என்று பிள்ளை தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும். குடும்பப் படமொன்று, அம்மாவின் பழைய சேலைத் துண்டு, அப்பாவின் கையெழுத்தில் ஊர் விலாசம் என ஏதாவதொன்று அதன் பெட்டிக்குள் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியும் வேண்டும். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்து எடுக்கலாம்.

பராமரிப்பவர்கள் கவனத்துக்கு

இல்லங்களில் வேலை செய்வோரும் இப்பக்கங்களை வாசிப்பது எமக்குத் தெரியும். அவர்களுக்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். அது பாயில் சிறுநீர் போகும் பிள்ளையைப் பற்றியது. ஏழெட்டு வயதில், முன்பு போகாதிருந்த பிள்ளை மீண்டும் போகத் தொடங்கினால் அது சோம்பலோ பிடிவாதமோ அன்று. பெரும்பாலும் பயமும் துக்கமுமே காரணம். ஈரப் பாயைத் தலையில் சுமக்க வைப்பது, மற்றப் பிள்ளைகள் முன் பெயர் சொல்வது, இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது எல்லாம் அதை நீடிக்கவே செய்யும். மலசலகூடம் இருட்டில் தூரமாக இருந்தால் விளக்கு வையுங்கள். படுக்குமுன் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் யாரும் காணாமல் பாயை மாற்றிவிடுங்கள். சிறுநீர் போகும்போது எரிவிருந்தால், அல்லது அடங்காத தாகமும் மெலிவும் இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். அவை நோயின் குறிகளாக இருக்கலாம்.

வாரக்கணக்கில் பேசாதிருத்தல், தொடர்ந்து உண்ண மறுத்தல், தன்னைத் தானே காயப்படுத்தல், சாவைப் பற்றிப் பேசுதல் ஆகியவை கண்டால் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மருத்துவமனைகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. அங்கே போவது பைத்தியம் என்பதற்கு அடையாளமன்று. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பிள்ளை நடுங்கினால், ஓரிடத்துக்குப் போக மறுத்தால், அடித்துக் கேட்காமல் அமைதியாகக் கேளுங்கள், சொன்னதை நம்புங்கள். 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் யாரும் அறிவிக்கலாம். அறிவித்தால் இல்லத்தின் பெயர் கெடும் என்று மூடிவைப்பவர்களை எம்மால் ஏற்க முடியாது.

வறுமைக்கு மருந்து இல்லமா?

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், பிரிந்து வாழும் பிள்ளை பெற்றோருடன் ஒழுங்கான தொடர்பு வைத்திருக்கும் உரிமையையும், அதன் நிலைமை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்படும் உரிமையையும் கூறுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2009 இல் ஏற்ற வழிகாட்டிகள் இன்னும் தெளிவாக, வறுமை மட்டுமே பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது, குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அடையாளமாகவே அதைக் கொள்ள வேண்டும் என்கின்றன. எனவே பிள்ளையை விட எண்ணும் குடும்பம் முதலிற் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் காண வேண்டும். சில வேளைகளில் ஒரு சைக்கிளோ, பின்னேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அயல்வீடோ, இரண்டு கறவை ஆடுகளோ பிரச்சினையைத் தீர்த்துவிடும். விடத்தான் வேண்டும் என்றால், பதிவு செய்யப்பட்ட இல்லமா என்று கேளுங்கள். எவ்வளவு காலத்துக்கு என்பதையும் அன்றே பேசுங்கள். 'ஒரு போகம் முடியும்வரை' என்று விடப்பட்ட பிள்ளை பத்து வருடம் இருந்துவிடுவது, யாரும் திரும்ப அந்தப் பேச்சை எடுக்காததால்தான்.

விடுமுறைக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தகரக் கொட்டில்தான், மழைக்கு ஒழுகும் என்று வெட்கப்பட வேண்டாம். அறுவடைக் காலமானால் இன்னும் நல்லது. பிள்ளைக்கும் செய்ய ஒரு வேலை இருக்கும். ஆனால் விருந்தாளியைப் போல் நடத்தாதீர்கள். அண்ணன் தம்பியோடு சேர்ந்து தண்ணீர் கட்டவும் கோழி அடைக்கவும் விடுங்கள்.

நிரந்தரமாகத் திரும்பி வரும் பிள்ளை முதல் சில மாதங்கள் உங்களுக்குப் புதியவராகத் தெரியலாம். மணி அடித்தாற் சாப்பிடுவதும் மணி அடித்தாற் படுப்பதுமாக இருந்தவர், வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். பாண் துண்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார். சின்ன விடயத்துக்கும் அனுமதி கேட்பார், அல்லது எதற்குமே கேட்கமாட்டார். சில பிள்ளைகள் தாயோடு வேண்டுமென்றே சண்டை பிடித்துப் பார்ப்பார்கள், திருப்பி அனுப்புவாவோ என்று அறிய. 'இப்படியென்றால் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடுவேன்' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வரக்கூடாது. இல்லத்தில் தன்னைப் பார்த்த அக்காவைப் பற்றிப் பிள்ளை பேசினால் முகம் சுழிக்க வேண்டாம். அவருக்கு ஒரு கடிதம் எழுத விடுங்கள். அவரிடமிருந்து பதில் வந்தால் அதைப் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.